காலி அறையின் ஒலி

இந்த அறையின் மின்விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. இறக்கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. மேலே கொக்கியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல். இங்கேயே உட்கார்ந்து வேலை பார்ப்பதால் உங்களுக்குக் காது பழகிப்போயிருக்கும். எனக்கு எந்தச் சத்தமும் பழகுவதில்லை. அது பிறவிக் கோளாறு.

நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். பேனா தந்தீர்கள், தேநீர் வரவழைத்தீர்கள். நன்றி. சுருக்கமாக இருக்கட்டும் என்றும் சொன்னீர்கள். அதில்தான் கொஞ்சம் சிக்கல். எங்கள் தொழிலில் எதையும் தலையிலிருந்து தொடங்கினால்தான் பிடிபடும். கம்பி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், எங்கே அறுந்தது என்று தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

நான் ஒலிப்பதிவுப் பொறியாளன். பெரிய வானொலி நிலையம் ஒன்றில் காலம் தள்ளி, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றவன். அங்கே எல்லோரும் என்னைப் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால். அதுவும் எனக்குக் கேட்டுவிடும். ஒருமுறை வெறும் வயிற்றோடு செய்தி வாசிக்க வந்தவரை, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் வயிறு இரைவது மைக்கில் கேட்டது. நாட்டு நடப்பைச் சொல்லும்போது நடுவில் குடல் வேறு கருத்துச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

வீட்டில் நான் தனியாள். மனைவி மகளோடு போய் இருக்கிறாள். பெரிய சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. "இந்த வீட்டுல மூச்சு விட்டாக்கூட குத்தம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். பெட்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அதைச் சரிசெய்து கொடுத்து வண்டியேற்றி விட்டேன். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கோபம் என் சுபாவமே அல்ல, அதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அப்படிச் சும்மா இருந்த என்னைத் தேடித்தான் டீச்சர் வந்தார். அவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் வகுப்பறையை விடாதவர்; எங்கள் எல்லோரையும் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளாகத்தான் பார்ப்பார். ஒற்றைக்காலில் நின்று, அலைந்து திரிந்து, எங்கள் பகுதிக்கென்று ஒரு சமுதாய வானொலிக்கு உரிமம் வாங்கியிருந்தார்.

"நமக்குன்னு ஒரு ரேடியோ. யார் வேணா வந்து பேசலாம், யார் வேணா பாடலாம். பேசறதுக்கு நூறு பேர் இருக்காங்க. எந்த வயரை எதுல சொருகணும்னு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அன்று இரவு மனம் துள்ளிக்கொண்டிருந்தது. பெரிய நிலையத்தில் எல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் கட்டிவைத்தது. இதுதான் அடித்தளத்திலிருந்து என்னுடையது. மறுநாளே அளவு நாடாவோடு கிளம்பிவிட்டேன்.

எங்களுக்கு ஒதுக்கியது சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். மடக்கு நாற்காலிகளும் உடைந்த கேரம் பலகையும் குவிந்துகிடந்த இடம். தெருப்பக்கம் இருந்த அறையைக் கட்டுப்பாட்டு அறை என்று வைத்துக்கொண்டேன். மிக்சர், கணினி, ஒலிபரப்பி எல்லாம் அங்கே. பின்பக்க அறைதான் ஸ்டுடியோ. மொட்டைமாடியில் ஆண்டெனாவுக்குக் கம்பம். இடிதாங்கிக்கு ஒரு எர்த், ஒலிக் கருவிகளுக்குத் தனியாக ஒரு எர்த். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டு ஏன் இரைகிறது என்று வானத்தைப் பார்க்கும் நிலையங்கள் நிறைய உண்டு. மின்சாரம் போனால் தாக்குப்பிடிக்க யு.பி.எஸ். எங்கள் அலை பாலம் வரை போகும், அதைத் தாண்டினால் கரகரவென்று செத்துவிடும். போதும். எங்கள் மக்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறார்கள்.

சங்கச் செயலாளர் ஒருநாள் சாக்கு நிறைய முட்டை அட்டைகளோடு வந்து இறங்கினார், சுவரில் ஒட்டுவதற்காக. உலகத்து மக்களையெல்லாம் இணைக்கும் நம்பிக்கை ஒன்று உண்டென்றால், அது முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்கும் என்பதுதான். தடுக்காது. பல்லி குடியிருக்க வசதி, அவ்வளவே. அவர் மனம் நோகாமல் வாங்கிவைத்துக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

சத்தத்தைத் தடுப்பது எடையும் இடைவெளியும்தான். சுவருக்கு உள்ளே இன்னொரு சுவர் எழுப்பி, நடுவில் பஞ்சை அடைத்தேன். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கதவு அவ்வளவு கனம். சாத்தும்போது ரப்பர் விளிம்பு முத்தம் கொடுப்பதுபோல் ஒரு சத்தம் எழும், அதோடு வெளியுலகம் முடிந்தது. ஏ.சி. காற்று மட்டும் உள்ளே வந்தாக வேண்டும். அதற்கு ஒரு பெட்டிக் குழாயை நெளித்து நெளித்துக் கொண்டுவந்து உள்ளே ஃபோம் ஒட்டினேன். காற்று எத்தனை வளைவையும் தாண்டி வந்துவிடும். ஒலி ஒவ்வொரு வளைவிலும் முட்டிக்கொண்டு பஞ்சுக்குள் சாகும். இதை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்றை விட்டுச் சத்தத்தை நிறுத்துவது எப்படி என்று அந்த ஆளுக்குத் தெரியாமல் போயிற்று, பாவம், என்று நாளைக்கு யாராவது எனக்காகப் பரிந்து பேசக்கூடும். எனக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஸ்டுடியோவானாலும் அதில் யாருமே பேசாதபோது உள்ள ஒலியைக் கொஞ்ச நேரம் பதிந்துவைப்பது எங்கள் வழக்கம். சும்மா இருப்பதைப் பதிய வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். பதிவில் ஒரு இருமலை வெட்டி எடுத்தால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும்; அங்கே அந்த அறையின் சொந்த மௌனத்தை வைத்துத்தான் அடைக்க முடியும். அடுத்த அறையின் மௌனம் பொருந்தாது. நான் வேலை பார்த்த அறைகள் எல்லாவற்றின் மௌனமும் என்னிடம் இருக்கிறது. மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படத்தை எடுத்துக் காட்டுவார்கள். நான் இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

இனி பெயிண்டர். ஸ்டுடியோவின் பின்சுவரும் அவர் வீட்டுப் படுக்கையறைச் சுவரும் ஒன்றேதான். வேன், லாரி எல்லாவற்றுக்கும் ஸ்பிரே அடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட மனிதர். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்திருக்கிறார். நன்றாகச் சிரிப்பார், சிரிப்பு இருமலில் முடியும். எங்கள் கதவுக்குக் கூலி வாங்காமல் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார், தூரிகையால், மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவருக்கு ரேடியோவில் நகைச்சுவை சொல்ல ஆசை. டீச்சர் உடனே வாரம் ஒரு நேரம் ஒதுக்கிவிட்டார். பதிந்தோம். ஆளுக்கு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்குகிறது. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. நான் உட்கார்ந்து, பொறுமையாக, அவருடைய மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"மூச்சே விடாம பேசறேனேண்ணே. நான் இருக்கறதவிட இதுல நல்லா இருக்கேன்" என்றார்.

அதன் பிறகு சீக்கிரமே அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். திரும்பி வரும்போது கூடவே ஒரு ஆக்சிஜன் மெஷினும் வந்தது, வாடகைக்கு. இடுப்புயரப் பெட்டி, கீழே சக்கரம். அறைக் காற்றை இழுத்து, வடிகட்டி, ஆக்சிஜனைக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இரவு பகல் ஓட வேண்டும். அந்தச் சமயம் என் ஸ்டுடியோ அநேகமாக முடிந்திருந்தது. தரைவிரிப்பு ஒன்றுதான் வரவில்லை. அது வரட்டும், அறையின் மௌனத்தை அப்புறம் பதியலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். வாழ்க்கையில் நான் வருத்தப்படும் விஷயம் ஒன்று உண்டென்றால் அப்படித் தள்ளிப்போட்டதுதான்.

விரிப்பு வந்தது. விரித்தேன். கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, உட்கார்ந்தேன். அடியில் ஒரு ரீங்காரம். அதன் மேல், சில நொடிக்கு ஒருதரம், யாரோ பெருமூச்சு விடுவதுபோல் ஒரு புஸ். மறுபடி புஸ். நான் எழுந்து விளக்கை அணைத்தேன், ஏ.சி.யை நிறுத்தினேன், மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு பேட்டரியில் கேட்டேன். அது பாட்டுக்கு இருந்தது. சுவரில் காதை வைத்தேன், தெரிந்துவிட்டது. அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

மற்றவர்களுக்கு ஹெட்போனைக் கொடுத்துப் பார்த்தேன். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, ஆஹா, என்ன அமைதி என்றார். டீச்சருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நான் விடாமல், இதோ, இப்போது, இதோ, என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எனக்குக் கேக்கல. கேட்டாத்தான் என்ன, அவரும் நம்ம ஆளுதானே. நம்ம ரேடியோவுல நம்ம ஆள் மூச்சு கேட்டுட்டுப் போகட்டும்."

நல்ல மனுஷி. ஆனால் காது இல்லாதவர்களிடம் வாதம் செய்து என்ன ஆகப்போகிறது? சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பெயிண்டரிடமே நேரில் போய்ப் பேசினேன். அவர் வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். அந்தப் பெண் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். என்னை அண்ணா என்பாள், நானும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கட்டிலை வேறு அறைக்கு மாற்றலாமா என்று கேட்டேன். இருந்த இன்னொரு அறை சமையலறை. நெருப்புப் பக்கத்தில் ஆக்சிஜன் ஆகாது. நியாயம்தான். அப்போது பெயிண்டரே ஒரு யோசனை சொன்னார். நான் பதிவு செய்யும் நேரத்தில் சொன்னால், கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திவைத்துக்கொள்கிறேன் என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று முறை அப்படிச் செய்து பார்த்தோம். நான் போன் அடிப்பேன், அவர் அணைப்பார். அப்பாடா, அந்த நேரத்தில் அந்த அறை எப்படி இருக்கும் தெரியுமா? வெயிலில் நடந்து வந்து நிழலில் உட்காருவதுபோல. நான் போட்ட கணக்கெல்லாம் சரி, எழுப்பிய சுவரெல்லாம் சரி, உலகத்தில் எல்லாமே சரி என்று தோன்றும். மூன்றாவது முறை மறுபடி போன் அடிக்கக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று அப்போது சொன்னேன். மறக்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று நினைத்தேன். தங்கச்சி கடையிலிருந்து வந்து பார்த்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்ததாம். அவர் சிரித்துச் சமாளித்திருக்கிறார். அவள் விடவில்லை. இனி யாரும் இந்த சுவிட்சைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். என்னிடம் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. தெரியாமல் நடந்ததுதானே என்றாள்.

சரி, சுவிட்சைத் தொட வேண்டாம். மெஷினுக்கு ஒரு பெட்டி செய்து தருகிறேன் என்றேன். உங்களுக்கும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கக் கிடைக்குமே என்றதும் அவள் கண் கலங்கிவிட்டது. அந்த மெஷின் வந்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்கவே இல்லையாம். அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்றாள்.

பெட்டி அழகாக வந்தது. இரட்டை ப்ளைவுட், நடுவில் பஞ்சு, உள்ளே ஃபோம், மேலே திறக்கும் மூடி. காற்று உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி, இரண்டும் நெளிந்து நெளிந்து. நான் செய்தவற்றிலேயே நேர்த்தியான வேலை அது. பெயிண்டர் அதைத் தடவிப் பார்த்து, ஒரு கோட் வார்னிஷ் அடித்தால் வரவேற்பறையில் வைக்கலாம் என்று கிண்டலடித்தார். ரீங்காரம் அடங்கியது. புஸ் அடங்கவில்லை, அந்தக் காற்று வழியாகவே வெளியே வந்துகொண்டிருந்தது. முன்பு மழையாகக் கேட்டது இப்போது சொட்டாகக் கேட்டது. சொட்டுத்தான் மனிதனைத் தூங்கவிடாது.

ஆகவே அடுத்த நாள் போய் இரண்டு வழிகளையும் கம்பளித் துணியால் அடைத்தேன். தங்கச்சி பக்கத்தில்தான் இருந்தாள், ஆனால் வழிகள் பெட்டியின் பின்புறம் சுவரைப் பார்த்து இருந்ததால் அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் ஸ்டுடியோவுக்குத் திரும்பி வந்து கேட்டேன். ஒன்றுமே இல்லை. பரம சுகம். பதிவு பட்டனில் விரலை வைத்திருக்கிறேன், வீலென்று ஒரு கூவல் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. காற்றில்லாமல் மெஷின் சூடேறித் தானாக நின்றுவிட்டது. நின்றால் ஆளைக் கூப்பிட அதற்குள் ஒரு கூவல் வைத்திருக்கிறார்கள். காதைக் கிழிக்கும் கூவல், நல்ல கண்டுபிடிப்பு. தங்கச்சி ஓடிப்போய் மூடியைத் திறந்துவிட்டாள், அவசரத்துக்கென்று மூலையில் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து அவருக்குக் காற்று கொடுத்தாள், மெஷின் ஆறியதும் மறுபடி போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. நான் போனபோது படபடப்போடு நின்றிருந்தாள். ஏதோ கோளாறு, நான் பார்க்கிறேன், இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

பார்த்தேன். சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர்கள் நம்பினார்கள், நம்பாமல் என்ன, நான் அவர்களுக்குப் பொய் சொன்னதில்லை. நான் சரிசெய்தது அந்தக் கூவலை. ஒரே ஒரு சின்ன ஒயர்.

கம்பளித் துணியை அன்று எடுத்துவிட்டேன். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிலிண்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெறும் இரும்பு, லாரி போனாலே மணிபோல் அதிரும். அதைப் பின்கட்டு வாசலுக்கு நகர்த்திவைத்தேன். கட்டிலிலிருந்து எழுந்து போய் எடுக்க அவரால் முடியுமா என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. சும்மா சொல்கிறேன். யோசித்தேன்.

தொடக்க விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. டீச்சர் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பூக்காரி, பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லோரும் பேசக் காத்திருக்கிறார்கள். அவர்கள் பேசும்போது அடியில் அந்தப் புஸ் இருந்துகொண்டே இருக்கும். இத்தனை பேர் குரல் ஒரு பக்கம், ஒரு மெஷினின் இரைச்சல் ஒரு பக்கம். நீங்களே தராசில் வைத்துப் பாருங்கள். நான் எனக்காகச் செய்யவில்லை. எனக்கு ரேடியோவில் பேசுகிற ஆசைகூடக் கிடையாது.

அன்று மதியம் தங்கச்சிக்கு மருந்து வாங்கப் போக வேண்டியிருந்தது. வழக்கமாகத் துணைக்கு வந்து உட்காரும் எதிர்வீட்டுப் பெண் ஊரில் இல்லை. கட்டுப்பாட்டு அறை வாசலில் வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

"அண்ணா, ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன். அவர் தனியா இருக்காரு. நீங்க கொஞ்சம் காது வெச்சுக்கறீங்களா?"

"நான் இங்கதான்மா இருக்கேன். நிதானமா போயிட்டு வா" என்றேன்.

அவள் போன பிறகு நான் போய் அவரைப் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் இருந்தார். வாங்கண்ணே என்றார். பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறேன், நீங்கள் தூங்குங்கள் என்றேன். துணியைத் திரும்ப அடைத்தேன், இந்த முறை இறுக்கமாக. அவர் போர்வை ஒருபக்கம் நழுவியிருந்தது. அதை இழுத்துவிட்டு வந்தேன். அவரை நான் வேறெந்த விதத்திலும் தொடவில்லை.

ஸ்டுடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வாசலில் சிவப்பு விளக்கைப் போட்டேன். விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் தொடக் கூடாது என்று சங்கத்தில் அத்தனை பேருக்கும் பாடம் நடத்தியிருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். துணி அடைத்த பிறகும், மிக மெல்லிசாக, ஓடுகிறது என்பது மட்டும் தெரிந்தது. காத்திருந்தேன். எனக்குப் பொறுமை அதிகம். கொஞ்ச நேரத்தில் அது நின்றது. அது நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், ஏற்கெனவே ஒருமுறை நின்று காட்டியிருக்கிறதே. எழுந்து போனால் மூடியைத் திறக்க அரை நிமிடம் ஆகாது. நான் பதிவு பட்டனை அழுத்தினேன்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். தங்கச்சி வந்து பார்த்தாள், தெருவுக்கு ஓடிக் கத்தினாள், ஆட்கள் ஓடி வந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவு அத்தனை நல்ல கதவு. நான் வெளியே வந்தபோது முடிந்திருந்தது. வியாதிக்காரர் தூக்கத்தில் போய்விட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவே பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் துணியை உருவ முடியவில்லை. உருவ வேண்டும் என்று அவ்வளவாகத் தோன்றவும் இல்லை.

விழாவைத் தள்ளிவைக்கலாமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம், பெயிண்டர் குரலிலேயே தொடங்குவோம் என்று சொன்னவன் நான்தான். அவருடைய நகைச்சுவையை ஒலிபரப்பினோம். பாலம் வரை அத்தனை வீட்டிலும் கேட்டார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்கள் எத்தனை பேர். செயலாளர்கூட முட்டை அட்டையைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை.

மெஷினை வாடகைக்கு விட்டவர் திருப்பி எடுக்க வந்தபோதுதான் துணியையும் ஒயரையும் கண்டுபிடித்திருக்கிறார். தங்கச்சி நேராக வானொலி நிலையத்துக்கு வந்தாள். கையில் அந்தக் கம்பளித் துணி இருந்தது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

"ஓட்டைய அடைச்சது நீங்களாண்ணா?"

ஆமாம் என்றேன்.

"ஒயரை எடுத்தது?"

அதுவும் நான்தான் என்றேன். கேட்டால் மறைப்பவன் இல்லை நான். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. அவர் கூப்பிட்டிருப்பாரே. கேக்கலையா உங்களுக்கு?"

குரல் எதுவும் கேட்கவில்லை என்றேன். அது சத்தியம், கூப்பிட அவருக்கு ஏது மூச்சு? அவள் அதன் பிறகு உங்களிடம் வந்தாள், நீங்கள் என்னிடம் வந்தீர்கள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் கொஞ்சம் உணர்ச்சிவசப்படத்தான் செய்வார்கள்.

ஆக, கேள்விக்கு நேரடியான பதில் வேண்டும் என்றால் இதுதான். தெரியாமல் நடக்கவில்லை. கவனக்குறைவும் இல்லை, என் தொழிலில் யாரும் என்மேல் அந்தப் புகார் சொன்னதில்லை, இப்போது நீங்களும் சொல்ல வேண்டாம். அவர் மூச்சு நிற்கும் என்று தெரிந்து, அது நிற்கட்டும் என்று விரும்பி, நின்று முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

மீதி இருப்பது ஒன்று. வானொலி நிலையத்துக் கணினியிலிருந்து அந்த மதியப் பதிவை எடுத்துக் கேட்டீர்களாம். நடுவில் சுவரைத் தட்டுவதுபோல் வருகிறதே, முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு, கடைசியில் நகத்தால் பிறாண்டுவதுபோல் ஒன்று, அது என்ன என்று காலையில் கேட்டீர்கள். நீங்கள் எடுத்தது மூலப் பதிவு. அதை வைத்து எந்த அறையையும் எடைபோடக் கூடாது. பழைய கட்டடம், சுவர் என்றால் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். எல்லாம் கீழ்ச்சுருதி ஒலிகள்தான், ஒரு வடிகட்டியில் போய்விடும். பிறாண்டலை மட்டும் கையால் வெட்ட வேண்டியிருந்தது. சுத்தம் செய்த பதிவு அதற்குக் கீழேயே இருக்கிறது. நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, இந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு, அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அங்கே யாருமே இல்லை.